ஐந்து அறைக்கு நான் வைத்த விலை

வில்லிவாக்கம் தாண்டும்போது வலது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் மேற்கே நடந்தேன். பங்குனி கடைசி. மண் கொதித்தது. எனக்கு முன்னாலும் பின்னாலும் பட்டணத்து ஜனங்கள். ஜப்பான்காரன் கடல் வழியாக வந்து குண்டு போடப் போகிறான் என்று ஊரே கிளம்பியிருந்தது. ரயிலில் கூரைமேல்கூட இடம் இல்லை. எனக்கு முன்னால் ஒருவர் சுவர்க் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அது நடு வழியில் பதினொன்று அடித்தது. அவர் நின்று, அடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு நடந்தார்.

நான் துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். அன்று காலை எங்கள் கும்பலில் வேலைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். கும்பலுக்குத் தலைவனாக இருந்தவன் வரவில்லை. மூட்டைகள் கிடந்தபடியே கிடந்தன. யாரிடம் சொல்லிக்கொள்வது என்று தெரியாததால் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். வேலையை விட்டுப் போவது எனக்குப் புதிது இல்லை. நாலாம் வகுப்பை விட்ட நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இந்தத் தடவை இடுப்பில் பணம் இருந்தது. அது மட்டும்தான் புதிது. இருபத்துநாலு பத்து ரூபாய் நோட்டுகள். நாலு வருஷம் முதுகில் தூக்கிய மூட்டைகள் அத்தனையும் அந்தத் துணிப்பைக்குள் இருந்தன.

எங்கே போவது என்ற எண்ணம் இல்லை. ஆவடி, இல்லாவிட்டால் அரக்கோணம், எதுவும் சரிதான். அம்பத்தூரில் தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் ஒரு கொத்தனார் என்னைக் கண்டுகொண்டார். முன்பு நான் செங்கல் சூளையில் இருந்தபோது பழக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை மாமே என்றுதான் கூப்பிடுவார், யாரையும் அப்படித்தான்.

"இன்னா மாமே, நீயும் ஓட்டமா?"

"வேலை இல்ல மேஸ்திரி. நடக்கறேன்."

"நடக்கறது நடக்கற, திருமுல்லைவாயில்ல நின்னுட்டுப் போ. உன் பழைய ஊட்டுக்காரன் அஞ்சு ரூமையும் விக்கிறான். ஊத்துக்கோட்டைப் பக்கம் மாமியா ஊருக்கு ஓடப் போறானாம். கேக்க ஆள் இல்ல. நாயா அலையறான்."

நான் குடித்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தேன். பிறகு செருப்பைத் தைக்கக் கொடுத்தேன். வெறுங்காலோடு அந்த மனிதரின் முன்னால் போய் நிற்க எனக்கு இஷ்டம் இல்லை.

அந்த ஐந்து அறைகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில், ஒரே வரிசையில் ஐந்து அறை. நாட்டு ஓடு, அதைத் தாங்கும் பனை வாரை. வீட்டுக்காரர் பக்கத்திலேயே தனி வீட்டில் இருந்தார். முன்னோர் வைத்த நிலத்தை விற்று மிச்சம் வைத்தது அந்த வரிசைதான். மூன்றாவது அறையில் நானும் என் மனைவியும் ஒன்றரை வருஷம் குடியிருந்தோம். ஒரு மழையில் பின்பக்கச் சுவர், ஐந்து அறைக்கும் பொதுவானது, முழுசாகச் சரிந்தது. "நீயே கட்டு, வாடகைல கழிச்சுக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். குடியிருப்பவன் பழுது பார்ப்பான், சொந்தக்காரன் வாடகையில் கழிப்பான், காகிதம் எதுவும் கிடையாது. நான் சூளை வேலை முடிந்து வந்து கட்டினேன். உடைந்த செங்கலும் சுண்ணாம்பும் மண்ணுமாக நாற்பதடிச் சுவர். என் மனைவி ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்தாள். பத்து மாத வாடகைக்கு அது ஈடு என்று பேச்சு.

நாலாம் மாதம் வாடகை கேட்டு வந்தார். கழிவு என்றேன். "இன்னா கழிவு? உன் முதுவுக்குப் பின்னாடி சொவரு வோணும்னு நீ கட்டிக்கின. நானா கட்டச் சொன்னேன்?" என்றார். ஐப்பசியில் ஒரு மழைக் காலையில் எங்கள் சாமான்களைத் தெருவில் வைத்தார். என் மாமியார் கொடுத்த பித்தளை அண்டாவை மட்டும் வாடகைப் பாக்கிக்கென்று வைத்துக்கொண்டார். அதிக வாடகைக்கு ஆள் பார்த்து வைத்திருந்தார்; அன்று மத்தியானமே அவர்கள் வந்துவிட்டார்கள். எட்டு நாள் சூளைக் கொட்டகையில் இருந்தோம். ஒன்பதாம் நாள் என் மனைவி அரக்கோணத்தில் தாய் வீட்டுக்கு ரயிலேறினாள். இரண்டு தடவை கூப்பிடப் போனேன். இரண்டாம் தடவை அவள் அண்ணன் எனக்கு வாசலில் பாய் போட்டான். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "வெளியாள் யாரும் தெறக்க முடியாத கதவு ஒண்ணு போட்டுட்டுக் கூப்பிடு, வரேன்."

நாலு வருஷமும் அந்தக் கதவுக்காகவே சேர்த்தேன் என்றால் அது பொய். பாதி அதற்கு. மறுபாதி, அந்த மனிதர் என் முன்னால் கை கட்டி நிற்க வேண்டும் என்பதற்கு. எது எத்தனை ரூபாய் என்று பிரித்துப் பார்த்தது இல்லை.

சனிக்கிழமை காலை, விலை பேசப் போவதற்கு முன்னால், மேஸ்திரி என்னை ஸ்டேஷன் பக்கம் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தார். ஓட்டாஞ்சில்லு ஒன்றை எடுத்துத் தரையில் கோடு போட்டார்.

"வெலைய அவன் வாயிலேர்ந்து தொடங்காத மாமே. ஊட்லேர்ந்து தொடங்கு. வாடகை எவ்ளோ?"

"இப்ப ரூமுக்கு ஒண்ணரை. அஞ்சுக்கும் ஏழரை."

"ஒரு ரூமு எப்பவும் காலியாக் கெடக்கும், இல்லாட்டி குடுக்காதவன் குந்திகினு இருப்பான். அத்த அடி. மாசம் ஆறு. வருஷத்துக்கு?"

"எழுபத்திரெண்டு."

"வரி, வெள்ளையடிக்கறது, எலி கடிச்சது, எல்லாம் பத்து. அறுபத்திரெண்டு. மண்ணு ஊடு அஞ்சு வருஷத்துல போட்ட காசத் திருப்பித் தரணும். தரல்லேன்னா அது ஊடு இல்ல, ஒறவுக்காரன்."

ஐந்து வருஷத்துக்கு முந்நூற்றுப் பத்து. அதில் பழுது போக வேண்டும். பழுதைப் பார்க்க இருவரும் போய் ஒவ்வோர் அறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றோம். வெயில் காலத்தில் ஒழுக்கு பார்க்க அதுதான் வழி. கூரையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே தரையில் வெயில் பொட்டு விழும். முதல் அறையில் ஏழு பொட்டு. இரண்டாவதில் இருபது. நான் இருந்த மூன்றாவது அறையில் தரையெல்லாம் சல்லடை மாதிரி இருந்தது. அங்கே இப்போது சூளையில் பச்சைச் செங்கல் அறுக்கும் ஒரு பெண் புருஷனோடும் மூன்று பிள்ளைகளோடும் குடியிருந்தாள். அவள் பொட்டுகளுக்கு நடுவில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணிப் பாத்து இன்னா பண்ணப் போற அண்ணாத்தே?" என்றாள். "மழை வந்தா நாங்களே எண்ணிக்குவோம், சட்டி வெச்சு."

நாலாயிரம் ஓடு முப்பத்திரண்டு ரூபாய். பன்னிரண்டு வாரை மாற்ற வேண்டும், பதினெட்டு. சுண்ணாம்பும் மணலும் பத்து. மேஸ்திரிக்குப் பதினைந்து நாள் கூலி. சித்தாள் நானே. ஆக எழுபத்தைந்து. பின்சுவரை மேஸ்திரி கைமுட்டியால் நாலைந்து இடத்தில் தட்டிப் பார்த்தார். நூலில் தூக்குக் குண்டு விட்டுச் சாய்வு பார்த்தார். மேல்பூச்சு வெடித்திருந்தது, அவ்வளவுதான். "சொவருக்கு ஒண்ணும் போட வாணாம். முப்பது வருஷம் நிக்கும். யார் கட்னது?" என்றார். அவருக்குத் தெரியும், வேண்டுமென்றே கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

இருநூற்று முப்பத்தைந்து. அதிலிருந்து குண்டு பயத்துக்கு எழுபது தள்ளினோம். நூற்று அறுபத்தைந்து. பழுதுக்கு எழுபத்தைந்து சேர்த்தால் சரியாக என் இருநூற்று நாற்பது. மேஸ்திரி கோடு போட்ட தரையைக் காலால் அழித்தார். "இதுக்கு மேல ஒரு ரூபா ஏறினா எழுந்து வந்துடணும். இதுக்குள்ள படிஞ்சா வாயத் தொறக்காம வாங்கிடணும். ரெண்டும் கஷ்டம்" என்றார். இரண்டாவது எப்படிக் கஷ்டமாகும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டுக்காரர் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. குண்டு விழும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பட்டணத்தில் தமுக்கு அடித்திருந்தார்கள். எப்போது விழும் என்று தெரியாததால் இவர் நாள் முழுவதும் வைத்திருந்தார். அதனால் அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னாடா, உசுரோட கீறியா?" என்றார். அவரும் கத்தித்தான் பேசினார்.

"கீறேன். ஊடு வாங்க வந்தேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் என்னைத் தலையிலிருந்து தைத்த செருப்பு வரைக்கும் பார்த்தார். "ஒண்ணே கால் ரூபா வாடகை குடுக்க வக்கு இல்லாம ஓடினவன் நீ."

"ஓடல. நீங்க தூக்கிப் போட்டீங்க. வெலையச் சொல்லுங்க."

"நானூறு."

நான் பழுதுகளைச் சொல்ல ஆரம்பித்தேன். கத்திச் சொன்னேன். ஓடு, வாரை, கரையான், கதவுக் கீல், மூன்றாம் அறையில் எலி வளை. ஒவ்வொன்றுக்கும் அவர் காதருகே கையை வைத்து "இன்னா?" என்றார். நான் இன்னும் உரக்கச் சொன்னேன். அறைகளின் வாசலில் ஜனம் கூடிவிட்டது. அவர் முந்நூறு என்றார். இருநூற்றைம்பது என்றார். நடுவில் நான் அண்டாவைக் கேட்டேன்.

"அது அப்பவே வித்தாச்சு. ஊடு வாங்கறவனுக்கு அண்டா இன்னாத்துக்கு?" என்று சிரித்தார். கூட்டத்தில் சிலரும் சிரித்தார்கள்.

அவர் மனைவி உள்ளிருந்து வந்து, ஊத்துக்கோட்டை வண்டிக்காரன் நேற்று ஆறு ரூபாய் கேட்டான், இன்றைக்கு எட்டு கேட்கிறான் என்று அவர் காதிலிருந்த பஞ்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்ட கையோடு இருநூறு என்றார். நான் நூற்று அறுபத்தைந்தில் நின்றேன். வெயில் உச்சிக்கு வந்தபோது சரி என்றுவிட்டார். வெற்றிலை பாக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து அச்சாரம் கொடுத்தேன். திங்கட்கிழமை பூந்தமல்லிக்குப் போய்ப் பத்திரம் பதிவது. வாங்குகிறவன் பின்வாங்கினால் அச்சாரம் போயிற்று. விற்கிறவன் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். மேஸ்திரி சாட்சி.

கணக்குப்படி என் விலை கிடைத்துவிட்டது. நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்டேஷன் பக்கம் நடக்கும்போது அவர் சிரித்த சிரிப்புதான் கூட வந்தது. அவர் இறங்கியது வண்டிக்காரனுக்குப் பயந்து. எனக்குப் பயந்து அல்ல. நூற்று அறுபத்தைந்து ரூபாயோடு மாமியார் வீட்டுக்குப் போய், ஒழுகுகிற வரிசையை அந்த மூட்டை தூக்குகிறவன் தலையில் கட்டினேன் என்று சொல்லிச் சிரிப்பார். கை கட்டி நிற்கவில்லை. எதற்கும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கடப்பாரையைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். மேஸ்திரி வேண்டாம் என்றார். "படிஞ்ச வெலைய ஏன் கிளர்ற?" என்றார். ஆனாலும் கூட வந்தார்.

பின்சுவரின் முன்னால் நின்றேன். வெடித்த பூச்சைக் கடப்பாரையால் பெயர்த்தேன். பெரிய பெரிய பத்தையாக விழுந்தது. வீட்டுக்காரர் சத்தத்துக்கு ஓடி வந்தார். அப்போதும் காதில் பஞ்சு.

"நூத்தி அறுவத்தஞ்சு குடுக்க மாட்டேன்" என்று கத்தினேன். "சொவரு போச்சு. உள்ள வெறும் மண்ணு. ஆடி மாசக் காத்துக்கே நிக்காது. நூறு ரூபா."

"இன்னா?"

"சொவரு உழப் போவுது. அஞ்சு ரூமும் உக்காரும். நூறு."

அவர் முகம் வெளுத்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். மறுபடியும் ஓர் இடத்தில் இடித்தேன். மறுபடியும் சொன்னேன். ஒருமுறை சொன்னால் போதாத அளவுக்கு அது ருசியாக இருந்தது. நூறு ரூபாய்க்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. நாளைக்குப் பேசலாம் என்று உள்ளே போய்விட்டார்.

மேஸ்திரி என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். "சொந்தச் சொவரையே திட்றியே மாமே" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அவர் கொத்தனார். நிற்கிற சுவரை விழும் என்று சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை.

கல் அறுக்கும் பெண் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். முதல் அறைக்காரர் வாசலில் நின்று, அவளோடு ஏதோ பேசினார். பிறகு மற்ற அறைக்காரர்களும் சேர்ந்தார்கள். "கட்னவனே சொல்றான்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்குமோ என்று பயம். அவருக்குத்தான் பஞ்சு இருந்ததே, எப்படிக் கேட்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை பூந்தமல்லிக்குக் கிளம்ப விடிந்ததும் வந்தோம். ஐந்து அறைகளின் கதவுகளும் திறந்து கிடந்தன. உள்ளே அடுப்புக்கல்கூட இல்லை. முந்தின நாள் சாயங்காலமே ஐந்து குடும்பமும் அயனம்பாக்கம் ஏரிக்கரைப் புறம்போக்குக்குப் போய்விட்டன என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். மேலே குண்டு, பின்னால் சுவர், நடுவில் ஏன் ஒன்றரை ரூபாய் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று கல் அறுக்கும் பெண் கேட்டாளாம். உடனே எல்லாரும் அடுப்புக்கல்லைத் தூக்கிக்கொண்டார்களாம்.

நான் மூன்றாவது அறையில் போய் நின்றேன். விடியல் வெயில் சாய்வாக விழுந்ததால் பொட்டுகள் தரையில் இல்லை, சுவரில் இருந்தன. மாசம் ஆறு, வருஷத்துக்கு எழுபத்திரண்டு என்று தரையில் எழுதிக் கணக்குப் போட்டோமே, அந்த ஆறு ரூபாய் என்பது ஓடும் வாரையும் அல்ல, அந்த ஐந்து குடும்பம். அவர்களை என் வாயாலேயே துரத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் வந்தார். காதில் பஞ்சு இல்லை. அவர் குரலை அன்றுதான் சாதாரணமாகக் கேட்டேன். வயதானவர் குரல்.

"நூறு குடு" என்றார்.

நான் சுவரிலிருந்த பொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தொண்ணூறு. ஆளுங்க திரும்பி வந்துடுவாங்க. அந்தச் சொவரு உழாது. நீயே கட்ன சொவரு. நல்லாத்தான் கட்டியிருந்த. எனக்கு அப்பவே தெரியும்."

நாலு வருஷம் நான் கேட்க விரும்பிய வார்த்தை அது. அதை அவர் தொண்ணூறு ரூபாய்க்காகச் சொன்னார். சுவரைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, என் இடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

மேஸ்திரி என்னை ஓரமாக இழுத்தார். "வாங்கிடு. காலியா இருந்தாலும் தொண்ணூறுக்கு லாபந்தான். இந்தப் பயம் ரெண்டு மாசம். ஓட்ட மாத்தினா ஆளு தானா வரும். ஒரு ரூமுல நீ இரு. அரக்கோணத்துக்கு ஆள் அனுப்பு. நெஞ்சத் தொட்டு நெனச்சுப் பாரு மாமே."

நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. தொண்ணூறு நல்ல விலை. எழுபத்தைந்து பழுதுக்கும் போக எழுபத்தைந்து கையில் மிஞ்சும். ஆனால் அந்தத் தொண்ணூறு ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு இவர் ஊத்துக்கோட்டைக்குப் போவார். அங்கே அரிசி வாங்குவார். பயம் இல்லாமல் தூங்குவார். என் நாலு வருஷத்து மூட்டைகள் இவரைக் காப்பாற்றும். எழுபது என்றாலும் காப்பாற்றும், ஐம்பது என்றாலும் காப்பாற்றும். அவரும் பிழைக்கிற விலை எதுவானாலும் அது எனக்கு அதிகம்.

"வாணாம்" என்றேன்.

"எண்பது."

"சும்மா குடுத்தாலும் வாணாம். நீங்களே வெச்சுக்குங்க. குண்டு உழும்போது அஞ்சு ரூமுக்கும் நடுவுல உக்காந்துக்குங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். கை கட்டுவார் என்று நினைத்தேன். கட்டவில்லை. உள்ளே போய்ப் பஞ்சை எடுத்து ஒவ்வொரு காதிலும் நிதானமாக வைத்துக்கொண்டார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, நான் கொடுத்த பத்து ரூபாய் நோட்டை மேஸ்திரியிடம் காட்டினார்.

"நீதான் சாட்சி. பின்வாங்கினது அவன். அச்சாரம் எனக்கு."

மேஸ்திரி தலையாட்டினார். வழக்கம் அது.

மத்தியானம் ஒரு வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் அன்றைக்குப் பத்து ரூபாய் கேட்டானாம். அவர் பேரம் பேசாமல் என் நோட்டை அப்படியே கொடுத்ததை எதிர்க் கடையிலிருந்து பார்த்தேன். மனைவி, மூட்டைகள், ஒரு கோழிக் கூடை. ஐந்து கதவையும் சங்கிலி போட்டுப் பூட்டினார். வண்டி ஆவடிப் பக்கம் திரும்பியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

"பத்து ரூபாய்க்கு இன்னா வாங்கின மாமே?" என்றார் மேஸ்திரி. அரக்கோணத்து நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது, வண்டி போன தூசி அடங்கின பிறகு.

பயம் மேஸ்திரி சொன்னபடியே இரண்டு மாதத்தில் தெளிந்தது. அதற்குப் பிறகு பட்டாபிராம் பக்கம் பட்டாளத்துக் கிடங்குகள் வந்து, வேலைக்கு ஆட்கள் குவிந்து, அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகைக்கும் வாடகை கிடைத்தது. அந்த வரிசையை அவர் நல்ல விலைக்கு விற்றார் என்று கேள்விப்பட்டேன். நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். என் நோட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன, எதற்கு என்று நினைவில்லாத காரியங்களுக்கு. கதவு போடவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. அன்று எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். குறையவும் இல்லை. அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாகப் பூந்தமல்லி ரோட்டுக்குப் போய், அங்கிருந்து எங்காவது போகலாம் என்று கிளம்பினேன். கரையோரத்தில் அந்த ஐந்து குடும்பமும் புடவைகளைக் கட்டி நிழல் போட்டு உட்கார்ந்திருந்தன. கல் அறுக்கும் பெண் ஏரிக் களிமண்ணைக் கூடையில் அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கூடையை இறக்கினாள்.

"தோ வரான்டி சொவரு ஜோசியக்காரன்" என்றாள் மற்றவர்களிடம். பிறகு என்னிடம், "இன்னா அண்ணாத்தே, ஊட்ட வாங்கிட்டியா?"

"இல்ல."

"பின்ன எங்கள இன்னாத்துக்குக் கௌப்பின?"

நான் நின்றேன். அவள் புருஷன் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். மிதிக்கத் தெரியவில்லை, தண்ணீர் அதிகம், வைக்கோல் இல்லை. அந்த மண்ணில் எழும்பும் சுவர் இடுப்பு உயரத்துக்கு மேல் நிற்காது. நிற்காவிட்டால் பயம் தெளிந்ததும் ஒவ்வொரு குடும்பமாகத் திருமுல்லைவாயிலுக்குத் திரும்பிவிடும், பூட்டிய கதவுகளைத் திறந்துவிடச் சொல்லி, மாசம் ஒன்றரை ரூபாய் கொடுத்துக்கொண்டு.

"அஞ்சு குடிசைக்கும் சொவரு வெக்கறேன்" என்றேன். "கூலி இன்னா குடுப்பீங்க?"

"கூலி வேறயா உனக்கு?" என்றாள். முதல் அறைக்காரர் அவளை அடக்கினார். ஐந்து குடும்பமும் சேர்ந்து நாளுக்கு ஆறணா, மத்தியானம் கூழ் என்று முடிவாயிற்று. சூளையில் ஏழணா. நான் பேரம் பேசவில்லை.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். வைக்கோல் கொண்டுவரச் சொன்னேன். அவள் புருஷனைத் தள்ளி நிற்கச் சொல்லி மண்ணை மிதித்தேன். ஒரு முழ அகலத்துக்கு அஸ்திவாரம் எடுத்தேன், குடிசைக்கு அவ்வளவு தேவையில்லை. அந்த ஐந்தில் ஒரு குடும்பம்கூட அவருடைய அறைக்குத் திரும்பக் கூடாது என்றுதான் அந்தச் சுவர்களை அவ்வளவு கெட்டியாக வைத்தேன்.